தகட்டின் மேல் வைத்த பை

உலகத்தில் யாரை நம்பினாலும் கோல்ஃப் ஆடுகிறவனை நம்பக் கூடாது என்பது மறுபடியாரின் கொள்கை. அவரும் கோல்ஃப் ஆடித்தான் பிழைத்தார். ஆகவே, அந்தக் கொள்கையிலிருந்து தமக்கும் அவர் விலக்கு அளித்துக்கொள்ளவில்லை. தாம் அடித்த பந்து எங்கே விழுந்தது என்று தம் கண்ணே சொன்னாலும், அருகில் போய்க் குனிந்து, பந்தின் மேல் பச்சை மையால் தாம் இட்ட மூன்று புள்ளிகளைப் பார்த்த பிறகே, "என்னுதுதான்" என்பார்.

பெற்றோர் இட்ட பெயர் வேறு. 'மறுபடி' என்பது தொழில் இட்ட பெயர். நாடு நாடாகச் சென்று பந்தயம் ஆடும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் மட்டைப் பையைச் சுமக்க ஓர் ஆள் உண்டு; அவரைக் கேடி என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வழக்கில் வேறொரு பொருளும் இருக்கிறது. மறுபடியார் இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழியில் நட்ட கொடி எத்தனை கெஜம் என்று கேடி சொல்ல வேண்டும். அதற்கேற்ற மட்டையை ஆடுகிறவர் உருவ வேண்டும். மட்டைகளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட மட்டை குட்டையாகும்; பந்து போகும் தூரமும் குறையும். ஏழு எட்டத்துக்கு; ஒன்பது கிட்டத்துக்கு. மற்றவர்கள் தூரத்தை ஒருமுறை கேட்டு மட்டையை எடுத்துவிடுவார்கள். இவரோ கேடியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "மறுபடி சொல்லு" என்பார். முதல் தடவை சொன்ன குரலுக்கும் இரண்டாம் தடவை சொன்ன குரலுக்கும் இடையே இம்மியளவு தடுமாற்றம் இருந்தாலும் பிடித்துக்கொள்வார். கேடிகள் வட்டாரத்தில் அதுவே பெயராகி, பின்பு வயதுக்கு மரியாதையாக 'மறுபடியார்' ஆயிற்று.

இந்தக் குணம் வானத்திலிருந்து குதித்ததன்று. அவருடைய தந்தை ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டியவர். பின்வேலியை ஒட்டி, எண்ணெய்ப் பீப்பாய்களும் கழற்றிப் போட்ட சக்கரங்களும் கிடந்த கொட்டகைக்கு அடுத்த இரண்டே அறைகளில் குடும்பம் வாழ்ந்தது. சமையலறை ஜன்னலில் முழங்கையை ஊன்றினால் பதினோராம் குழியின் புதர் நேராகத் தெரியும். வெளியே நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் கனவான்கள் அந்தப் புதருக்குள் நுழைந்ததும் இடமும் வலமும் பார்ப்பார்கள், காலணி நுனியால் பந்தை ஒரு தள்ளுத் தள்ளுவார்கள், பிறகு, "இதோ, நல்ல இடத்திலேயே கிடக்கிறது!" என்று கூவுவார்கள். அவர்களுள் ஒரு மருத்துவர் தம் கால்சட்டைப் பையின் அடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். பந்து காணாமற்போனால் வேறொன்று கால் வழியே இறங்கி வந்து புல்லில் அமரும். பிற்காலத்தில் மறுபடியார் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அவர் கால்சட்டைப் பையைத்தான் பார்த்தார்.

ஆட்டம் கைவந்தது. தந்தையின் மேலதிகாரி தந்த பழைய மட்டைகளில் தொடங்கி, உள்நாட்டுப் பந்தயங்களில் தேறி, தகுதித் தேர்வு எழுதுவதுபோல ஆறு நாள் ஆடி, பன்னாட்டுச் சுற்றில் இடம் பிடித்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் அவருடைய முகவரி பெட்டியாகவே இருந்தது. திங்கட்கிழமை விமானம், செவ்வாயும் புதனும் பயிற்சி, வியாழன் முதல் ஞாயிறு வரை பந்தயம். முதல் இரண்டு நாள் சரியாக ஆடாதவர்களை வெள்ளிக்கிழமை மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்டு இறுதியில் தரவரிசையில் முதல் நூறு பேருக்குள் இருந்தால் அடுத்த ஆண்டும் இடம் உண்டு. நூற்றொன்றாமவர் மீசை முளைக்காதவர்களோடு வரிசையில் நின்று மறுபடியும் தகுதித் தேர்வு ஆட வேண்டும். மறுபடியார் ஒரு பந்தயத்திலும் முதற்பரிசு வாங்கியதில்லை. ஒருமுறை இரண்டாம் இடம். ஆனால் நூறு என்னும் வாசற்படியைத் தாண்டி வெளியே விழுந்ததும் இல்லை. வெற்றி பெற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். இவர் ஒட்டிக்கொண்ட உடும்பாக இருந்தார்.

பிடியை விடாமல் வைத்தது சந்தேகம்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். விடுதி அறையில் நுழைந்ததும் படுக்கையைத் தூக்கி அடியில் பார்ப்பார். பெட்டியின் பூட்டில் கறுப்பு நூல் ஒன்றைச் சுற்றிவிட்டுப் போவார். பயிற்சித் திடலில் எல்லாரும் தூரம் அளக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அடிக்கையில், இவர் மட்டும் அதைத் தொடமாட்டார். "அது மிஷின் விக்கிறவன் வெச்ச நம்பர். கூடக் காட்டினாத்தானே நாம வாங்குவோம்?" என்பார். குழிக்கு முன்னால் பலகையில் தூரம் எழுதியிருந்தால், "எழுதினவன் அளந்தானான்னு யார் பார்த்தா?" என்று கேட்பார்.

இத்தகையவரிடம் கேடிகள் நிலைப்பார்களா? முதலாமவன் ஆறே மாதத்தில் கும்பிடு போட்டான். இரண்டாமவன் விமான நிலையத்திலேயே பையை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனவன், திரும்பவில்லை. மூன்றாமவனை இவரே அனுப்பினார்; அவன் சிரிப்பில் ஏதோ இருந்ததாம். அப்போது அவருடைய மனைவி ஒரு யோசனை சொன்னாள். அவள் மருத்துவமனையில் மருந்தாளுநர். நாளெல்லாம் மருத்துவர்களின் கிறுக்கெழுத்தைப் படித்துப் பழகியவள். கணவரைப் படிப்பது அவளுக்குக் கடினமன்று.

"என் தம்பியக் கூட்டிட்டுப் போங்களேன். சரக்கு வேன் ஓட்டி அலுத்துப் போயிட்டான். நாளைக்கு ஏமாத்தினாலும் எங்க போய் ஒளிவான்? வீட்டுக்குத்தானே வரணும்."

அந்த நியாயம் மறுபடியாருக்குப் பிடித்திருந்தது. மைத்துனன் பையைத் தூக்கினான். ஒன்பது ஆண்டுகள் தூக்கினான். குட்டையான, தோள் அகன்ற, வாய் ஓயாத மனிதன். "மறுபடி சொல்லு" என்றால் சளைக்கமாட்டான். "நூத்தி அறுபது மாமா. நூத்தி, அப்புறம் அறுபது. தனித்தனியா வேணுமா, சேர்த்துக் கட்டித் தரவா?" என்பான். மறுபடியார் சிரிக்கமாட்டார், ஆனால் மட்டையை உருவிவிடுவார்.

நாற்பத்திரண்டு வயதில் வலத்தோளில் ஏதோ கிழிந்தது. அறுவை, ஓய்வு, பயிற்சி என்று ஐந்து மாதம் வீட்டு மாடியில் ரப்பர் நாடாவை இழுத்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்த பிறகு சுற்றே தமக்கு எதிராகச் சதி செய்வதாக அவருக்குத் தோன்றியது. போன ஆண்டு ஒன்பதாம் எண்ணால் எட்டிய இடத்துக்கு இந்த ஆண்டு எட்டு தேவைப்பட்டது. "குழிய நகர்த்திட்டானுங்க" என்றார். நடுவரிடம் போய், மைதானத்தை நீட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். நடுவர் இல்லை என்றது சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. முதலடியில் மற்றவர்களின் பந்து இவருடையதைத் தாண்டி உருண்டது. புதிதாக வந்திருந்த இளைஞன் ஒருவனை எல்லாரும் நெட்டையன் என்றே அழைத்தார்கள். நெடிய கைகளும் நெடிய நடையும் உடையவன். அவன் பந்து இவர் பந்தைவிட நாற்பது கெஜம் தள்ளிப் போவதைக் கண்டு, அவன் மட்டை விதிக்கு உட்பட்டதுதானா என்று சோதிக்கும்படி புகார் கொடுத்தார். சோதித்தார்கள், மட்டை சுத்தம். "சோதிக்கிறவன் யாருன்னு விசாரி" என்றார் மைத்துனனிடம்.

அந்த நெட்டையனோடு மைத்துனன் பழகத் தொடங்கியபோதுதான் மறுபடியாருக்குத் தூக்கம் போயிற்று.

ஆண்டின் கடைசிப் பந்தயம். மறுபடியார் தரவரிசையில் தொண்ணூறைத் தாண்டி நின்றார். அந்தப் பந்தயத்தில் நடுத்தரமாக ஆடினாலே இடம் நிலைக்கும், சறுக்கினால் போயிற்று. நாற்பத்து நான்கு வயதில் தகுதித் தேர்வு என்பது கிழவன் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்காருவதற்கு ஒப்பு. போனவர்கள் யாரும் மீண்டதில்லை. இது அவருக்கும் தெரியும், மைத்துனனுக்கும் தெரியும். அப்படிப்பட்ட வாரத்தில் சிற்றுண்டிக் கூடத்தில் மைத்துனனும் நெட்டையனும் ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் பேச்சு நின்றது. நெட்டையன் எழுந்து, "வாங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த அதிக மரியாதையே அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

புதன்கிழமை மாலை அறைக்கதவைத் திறந்தபோது, மைத்துனன் குளியலறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். "இல்லக்கா, அவருக்குத் தெரியாது... தெரிஞ்சா அவ்வளவுதான். ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறு" என்ற சொற்கள் காதில் விழுந்தன. வெளியே வந்தவனிடம், "யாரு?" என்றார்.

"அக்கா. சும்மாதான். வாஷிங் மெஷின் ரிப்பேராம்."

"அது எனக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

மைத்துனன் திருதிருவென்று விழித்தான். "மெஷின் விக்கிறவன சந்தேகப்படுவீங்க" என்று சொல்லிவிட்டுப் பல்துலக்கியைத் தேடினான்.

வியாழனும் வெள்ளியும் மூன்று ஆட்டக்காரர்கள் ஒரே குழுவில் நடந்தார்கள்: மறுபடியார், நெட்டையன், பேச்சே இல்லாத ஓர் அயல்நாட்டவர். அப்போதுதான் மறுபடியார் ஒன்றைக் கவனித்தார். மைத்துனன் பையை வைக்கும் இடம் விநோதமாக இருந்தது. பந்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். இவனோ சில குழிகளில் ஐந்தடி தள்ளி வைத்தான். சில குழிகளில் கொண்டுவந்து வைத்த பையைத் தூக்கி இரண்டடி இடப்புறம் நகர்த்தினான். ஒருமுறை பையை வைக்க வாய்ப்பில்லாத சரிவில் துண்டை நழுவவிட்டு, அது அங்கேயே கிடக்க விட்டான். அந்தச் சமயமெல்லாம் நெட்டையன் இவர்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்த மட்டையால் அடித்தாய் என்று ஓர் ஆட்டக்காரர் இன்னொருவரைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் குற்றம், சொன்னாலும் குற்றம். முதலில் அடிப்பவர் எடுத்த மட்டையின் எண் தெரிந்தால், அடுத்து அடிப்பவருக்கு அது விளக்குப் பிடித்ததுபோல. ஆகவே மறுபடியார் மனத்தில் கணக்கு முடிந்தது: பை இடப்புறம் என்றால் ஏழு, வலப்புறம் என்றால் எட்டு, துண்டு விழுந்தால் ஒன்பது. சொந்த மைத்துனன் சைகையால் தம்மை விற்றுக்கொண்டிருக்கிறான். வேலியே பயிரை மேய்கிறது. அதுவும் ஒன்பது ஆண்டு நீர் ஊற்றி வளர்த்த வேலி. நெட்டையனுக்கோ தம் மட்டை எண்ணால் ஒரு பயனும் இல்லை, அவன் நாற்பது கெஜம் முன்னால் நின்று வேறு மட்டையால் அடிக்கிறவன் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சனிக்கிழமையும் அதே மூவர். பதினான்காம் குழி. கொடிக்கு முன்னால் ஒரு குளம், காற்றில்லாமல் கண்ணாடி போலக் கிடந்தது. மைத்துனன் பையைப் பந்திலிருந்து ஓரெட்டுத் தள்ளி வைத்துவிட்டு, அதன் மேல் கையை ஊன்றி நின்றான்.

"நூத்தி ஐம்பத்தஞ்சு மாமா."

"மறுபடி சொல்லு."

"நூத்தி ஐம்பத்தஞ்சு. எட்டு எடுங்க."

"பைய ஏன் அங்க வெச்ச?"

"எங்க வெச்சா என்ன மாமா, பூமியிலதானே வெச்சிருக்கேன்?"

"இந்தப் பக்கம் வை."

"அங்க ஈரம்."

"இந்தப் புல்லுக்கு ஈரம், அந்தப் புல்லுக்கு வெயிலா? தள்ளு, நானே வைக்கிறேன்."

"மாமா, தோளு..."

அதற்குள் மறுபடியார் வாரைப் பற்றிப் பையைத் தூக்கிவிட்டார். அடியில் சாசர் அளவு வட்டத் தகடு ஒன்று புல்லோடு புல்லாகப் பதிந்திருந்தது. நீர் தெளிக்கும் குழாயின் மூடி அது. அப்படிப்பட்ட மூடிகளின் மேல், அங்கிருந்து குழி இருக்கும் தரையின் நடுவுக்கு எத்தனை கெஜம் என்று எண் பொறித்திருப்பார்கள். கொடி அன்று நடுவில்தான் நின்றது. தகட்டில் இருந்த எண் நூற்று நாற்பத்தொன்று.

மறுபடியார் தகட்டையும் பார்த்தார், மைத்துனனையும் பார்த்தார். பதினான்கு கெஜம் பொய். ஒன்பது ஆண்டுகள் அவர் குரலைத்தான் சோதித்தாரே தவிர, ஒருநாளும் தரையைச் சோதித்ததில்லை. இந்தக் குரலோ இரண்டு தடவையும் பிசிறில்லாமல் சொல்லப் பழகியிருந்தது!

"மாமா, நான் சொல்றத..."

"ஒன்பது குடு."

"ஒன்பது பத்தாது. தயவுசெஞ்சு எட்டு எடுங்க."

"உன் பேச்சக் கேட்டது போதும். குடு!"

ஒன்பதாம் எண்ணை எடுத்தார். அடி அற்புதமாக விழுந்தது. பந்து உயர்ந்தது, கொடியை நோக்கியே போயிற்று. பிறகு களைத்தாற்போலக் கீழே இறங்கி, கரைக்கு நெடுந்தொலைவு இப்பாலேயே குளத்தில் விழுந்தது.

நெட்டையன் மெல்ல, "எதிர்காத்து அண்ணே, திடீர்னு" என்றான். கொடித்துணி கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ஏன் பொய் சொல்கிறான் என்று மறுபடியார் அவனையே உற்றுப் பார்த்தார். தகட்டையும் மாற்றிவிட்டார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அடுத்த குழியில் தகட்டைத் தாமே தேடிப் பிடித்து, அதன் எண்ணை நம்பி அடித்தார். பந்து மணலில் போய்ப் புதைந்தது. அதற்கடுத்த குழியில் பல்லைக் கடித்துக்கொண்டு தோளின் முழு வலுவையும் கொடுத்தார். பந்து மரங்களுக்குள் போயிற்று, தோளில் பழைய வலி திரும்பி வந்தது. மாலையில் பார்த்தபோது தரவரிசையில் அவர் இடம் சரியாக நூறாவது படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றது.

விடுதியின் அடித்தளத்தில் சலவை அறை. மூன்று இயந்திரங்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஈரம் பூத்த திட்டு. மைத்துனன் வழக்கம்போல இருவர் சட்டைகளையும் போட்டுவிட்டு, சுழலும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா மாமா. தோளு ஆப்பரேஷனுக்கப்புறம்."

"யார் சொல்லி?"

மைத்துனன் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, அவரிடம் நீட்டினான். மறுமுனையில் மனைவி. விஷயம் வெளிப்பட்டுவிட்டது என்பதை அவருடைய மூச்சிலேயே கண்டுகொண்டாள்.

"நான்தாங்க சொல்லச் சொன்னேன்."

"எதுக்கு?"

"உங்க அடி பதினாலு கெஜம் குறைஞ்சு போச்சு. டாக்டர் என்கிட்ட சொன்னாரு, இனிமே அது திரும்பாதுன்னு. முறுக்கி அடிச்சா தோள் மறுபடி கிழியும்னும் சொன்னாரு."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்க தோளையா சந்தேகப்படுவீங்க? டாக்டரத்தான் சந்தேகப்படுவீங்க. அவர் பாக்கெட்டப் பார்ப்பீங்க."

அந்த மருத்துவரின் பையை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"அதனால தூரத்தக் கூட்டிச் சொல்லுடான்னு சொன்னேன். நீங்க நூத்தி ஐம்பத்தஞ்சுன்னு நெனச்சு எட்டு எடுத்தா, பந்து நூத்தி நாப்பத்தொன்னு போகும். போய்ச் சேர்ந்துதா இல்லையா, ரெண்டு வருஷமா? இன்னிக்கு எத்தன இடம் இறங்கினீங்க?"

அவர் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். இயந்திரம் ஒன்று குலுங்கி நின்றது. தகட்டை மறைக்கவே பை. பை போக முடியாத இடத்துக்குத் துண்டு. இவ்வளவும் புரிந்த பிறகும் அவர் மனத்தின் ஒரு மூலை ஓயவில்லை.

"அப்போ நெட்டையன்?"

மைத்துனன் ஈரச் சட்டைகளை வாளிக்குள் அள்ளிப் போட்டான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல, குனிந்த தலை நிமிராமல் சொன்னான்:

"அது நெஜம் மாமா. அடுத்த வருஷம் அவன் பையத் தூக்கக் கூப்பிட்டான். சரின்னுட்டேன். ஞாயித்துக்கிழம முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்லணும்னு அக்காவும் நானும் பேசிட்டிருந்தோம்."

"ஆக, நான் நெனச்சது தப்பில்ல."

"பாதி தப்பில்ல."

"அவன் கூடக் குடுக்கிறானா?"

"அதில்ல. அவனுக்கு இருக்கறத சொன்னாப் போதும் மாமா. உங்களுக்கு ஒவ்வொரு குழியிலயும் பொய் சொல்லணும். கண்ணப் பார்த்துச் சொல்லணும். அப்புறம் மறுபடி சொல்லணும். பொய்ய ரெண்டு தடவ ஒரே மாதிரி சொல்றது பைய சுமக்கறத விடப் பாரம். முடியல மாமா."

மறுபடியார் வாளியின் ஒரு பக்கக் காதைப் பிடித்தார். இருவருமாக அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தகடுகளைத் தேடவில்லை. மைத்துனன் எண்ணைச் சொன்னான். அவர் மட்டையை எடுத்தார். ஆனால் உள்ளே ஊசி குத்திக்கொண்டேதான் இருந்தது. இவன் இனி இன்னொருவனுடைய ஆள். தாம் இன்று தோற்று வீட்டோடு போய்விட்டால், இவன் யாரையும் விட்டுவிட்டுப் போன பழி இல்லாமல் போகலாம். தம் இடம் போவதில் இலாபம் அடையக்கூடியவன் கையில் தம் தூரம் இருக்கிறது. இப்படி நினைப்பது பாவம் என்றும் அவருக்குத் தெரிந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

கடைசிக் குழிக்கு வந்தபோது கேடிகள் கூட்டல் கழித்தல் போட்டு முடித்திருந்தார்கள். நான்கு அடியில் முடித்தால் மறுபடியாருக்கு இடம் உண்டு, ஐந்தானால் இல்லை. முதலடி நேராகப் போய் விழுந்தது. இரண்டாம் அடி குளத்தைத் தாண்ட வேண்டும். அவர் பந்தருகே போய் மூன்று பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டார். மைத்துனன் பையைக் கொண்டுவந்தான், தயங்கினான், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். காலடியில் தகடு வெயிலில் மின்னியது. மறுபடியார் அதைப் பார்த்துவிடாமல் முகத்தைக் கொடிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எது வேணும் மாமா?" என்றான் மைத்துனன் தாழ்ந்த குரலில். "தகட்டுதா, நம்மதா?"

தகட்டு எண்ணைக் கேட்டால் தாமே கூட்டிக்கொள்ளலாம். அதில் யாரையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் மெய்யான எண் காதில் விழுந்ததும் தம் தோள் பழைய நினைப்பில் முறுக்கிக்கொள்ளும் என்பதை நேற்றே கண்டுவிட்டார். தகட்டை நம்புவதா, தோளை நம்புவதா, இவனை நம்புவதா? மூன்றையும் நிறுத்துப் பார்த்தார். மூன்றும் ஒன்றைவிட ஒன்று மோசமாக இருந்தன.

"பைய அது மேல வை" என்றார். "நம்மதையே சொல்லு."

பை தகட்டின் மேல் இறங்கியது.

"நூத்தி எழுபத்திரண்டு. ஏழு."

"மறுபடி சொல்லு."

"நூத்தி... எழுபத்திரண்டு மாமா."

குரல் தடுமாறிற்று. ஒன்பது ஆண்டுகளில் முதல் தடவையாகத் தடுமாறிற்று. அவருடைய சட்டப்படி அது பொய்யனின் அடையாளம். பொய்தான், இருவருக்கும் தெரிந்த பொய். ஆனால் அந்த ஒரு கணத் தடுமாற்றம் எதனால் வந்தது? நாளை முதல் இந்தப் பை இன்னொருவன் தோளில் என்பதாலா, அல்லது எண்ணிலேயே ஏதாவது...? மறுபடியார் அவன் கண்ணைப் பார்த்தார். அது கலங்கியிருந்தது, கலக்கத்துக்குக் காரணம் எழுதியிருக்கவில்லை.

ஏழாம் எண்ணை உருவினார். முறுக்காமல், நூற்று எழுபத்திரண்டு கெஜத்தை எப்போதும் எப்படி அடிப்பாரோ அப்படியே அடித்தார். பந்து குளத்தின் மேல் போய்க்கொண்டே இருந்தது. கரையைத் தொட்டு, புல்லில் ஒருமுறை குதித்து, கொடிக்கு எட்டடி முன்னால் வந்து நின்றது. அங்கிருந்து இரண்டு தட்டு. நான்கில் முடிந்தது.

நெட்டையன் ஓடிவந்து கையைக் குலுக்கினான். "அண்ணே, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்..."

"தெரியும்" என்றார் மறுபடியார். "அவன் பொய் சொல்லமாட்டான்னு நெனச்சுக் கூட்டிட்டுப் போற. நல்லா விசாரிச்சுக்கோ."

அடுத்த ஆண்டின் முதல் பந்தயத்துக்குப் புதிய கேடி வந்தான். ஒல்லியான, ஒழுங்கான மனிதன். முன்பு நில அளவையாளரிடம் வேலை பார்த்தவன். முதல் குழியில் பந்தருகே சென்று, பையைச் சற்று ஒதுங்கி வைத்து, தகட்டைப் பார்த்து அளந்து, தெளிவாகச் சொன்னான்:

"நூத்தி நாப்பத்தெட்டு சார்."

மறுபடியார் கண்களை இறுக மூடிக்கொண்டார். தோள் தானாக முறுக்கிக்கொள்வதை உணர்ந்தார்.

"இங்க பாரு. முதல்ல அந்தப் பையத் தூக்கி, அந்தத் தகட்டு மேல வை."

"தகட்டு மேலயா சார்? அப்புறம் நம்பர் தெரியாதே."

"உனக்குத் தெரிஞ்சாப் போதும். இப்ப பதினாலக் கூட்டி, மறுபடி சொல்லு."

புதியவன் பையைத் தகட்டின் மேல் வைத்தான். பிறகு பக்கத்தில் நின்ற மற்றக் கேடிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, இந்த மனிதர் எதற்கு அடிபோடுகிறார் என்று புரியாமல், மறுபடியாரைத் தலை முதல் கால் வரை சந்தேகத்தோடு ஏற இறங்கப் பார்த்தான்.